சுண்டு நேரம்

சுண்டு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்பில் எழுதுகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன், அதோடு விட்டுவிடு. அப்பா போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பெரிய மெஷின் ஒன்று பழுது, விரிப்புகள் மலை மாதிரி குவிந்து கிடக்கின்றன. திரும்பிப் போன முதல் நாள் மடிக்க உட்கார்ந்தபோது, அவர் கடைசியாகப் படுத்திருந்த விரிப்பும் இந்தக் குவியலில்தானே இருக்கும் என்று தோன்றியது. எல்லாம் வெள்ளை, எல்லாவற்றிலும் ஒரே சோப்பு வாசனை, எதையென்று தேடுவது. எல்லாவற்றையுமே கொஞ்சம் மெதுவாக மடித்தேன். மேற்பார்வைக்காரி வந்து என்னக்கா இன்னைக்குக் கை ஓடலையா என்றாள். ஓடலை என்றேன். நீ வர முடியாமல் போனதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். போனில் பேசலாம் என்றால் நீ அப்புறம் பேசறேம்மா என்பாய், நானும் சரிடி என்று வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துப் படி.

நீ அனுப்பின படத்தைப் பார்த்தேன். டேபிள் டென்னிஸ் மேசை எட்டுவதற்காகக் குட்டியைப் பலகை போட்டு நிற்க வைத்திருக்கிறாய். மட்டையைப் பிடித்திருக்கிற பிடி அப்படியே உன் பிடி. மணிக்கட்டில் பட்டை வேறு சுற்றியிருக்கிறது. எல்லாம் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தேன். ஏழு வயசுப் பிள்ளை முகமா அது, வட்டிக்கடைக்காரன் முகம் மாதிரி இறுகிக் கிடக்கிறது. என்னடி இது என்று கேட்டதற்கு நீ என்ன சொன்னாய், இவளுக்குக் கை நல்லா இருக்கும்மா, சும்மா விட்டா வீணாப் போயிடும் என்றாய். சுண்டு, இதை நான் முன்னாடியே கேட்டிருக்கிறேன். இதே முன்னறையில், இதே வார்த்தையில், வேறு ஒரு வாயிலிருந்து. போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தேன், பேசுவது யார் என்று.

சுண்டு என்ற பெயரே அவர் வைத்ததுதான், தெரியுமா. பிறந்தபோது உன்னைக் கையில் வாங்கி, என்ன இது சுண்டுவிரல் அளவுதான் இருக்கு என்றார், அதுவே நின்றுவிட்டது. முன்னறைக்கு அந்த டேபிள் டென்னிஸ் மேசை வந்த பிறகு அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் போய்விட்டது. முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார், பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற மாதிரி. வீட்டில் கட்டில் போட இடமில்லை, மேசைக்கு இடம் இருந்தது. நீ அடிப்பாய், அவர் அடிப்பார், நீ தப்பினால் விசில் ஊதுவார், நான் பீரோவுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுப் பந்து எடுப்பேன். ஒரு நாள் அவர் வெளியே போயிருந்தபோது மாடி வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து நீயாக ஒரு ஆட்டம் கண்டுபிடித்தாயே, நினைவிருக்கிறதா. எல்லோரும் மேசையைச் சுற்றி ஓட வேண்டும், ஒரு அடி அடித்துவிட்டு மட்டையை வைத்துவிட்டு ஓட வேண்டும், பின்னால் வருகிறவன் அதை எடுத்து அடிக்க வேண்டும், தவற விட்டவன் ஓரமாக நின்று சேவல் மாதிரி கூவ வேண்டும். சிரித்துச் சிரித்து உனக்கு விக்கல் வந்துவிட்டது. அவர் வந்து வாசலில் நின்று பார்த்தார். வலையைக் கழற்றிப் பீரோ மேலே வைத்தார். மேசை விளையாடறதுக்கு இல்ல என்றார். பிறகு எதுக்கு, துணி மடிக்கவா என்று நான் கேட்டேன். கடைசியில் அப்படித்தான் ஆயிற்று. நீ போன பிறகு ஆஸ்பத்திரியிலும் துணி மடிக்கிறேன், வீட்டுக்கு வந்து அந்த மேசையிலும் துணி மடிக்கிறேன்.

அந்த ஃபைனலில் நீ தோற்ற அன்று பஸ்ஸில் வந்தது எனக்கு இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது. அவர் ஒரு பக்கம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, நீ மறு பக்கம் மடியைப் பார்த்துக்கொண்டு, நடுவில் நான். தண்ணி வேணுமா என்று உன்னிடம் கேட்கிறேன், வேணாம் என்கிறாய். அவரிடம் கேட்கிறேன், அவர் காதிலேயே விழவில்லை. மறுநாள் மட்டையை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாய், அந்தச் சத்தத்தோடு சரி. படிக்கப் போனாய், வேலைக்குப் போனாய், கல்யாணம் ஆயிற்று. போனில் அப்பாவும் பெண்ணும் நல்லா இருக்கியா நல்லா இருக்கேன் என்பதோடு முடித்துக்கொண்டீர்கள்.

இதையெல்லாம் ஏன் இப்போது கிளறுகிறேன் என்றால், போன வாரம் அவர் பயிற்சி கொடுத்த ஹாலுக்குப் போயிருந்தேன். அவருடைய ஷூ, துண்டு, இரண்டு மட்டை எல்லாம் அங்கே அலமாரியில் கிடக்கிறது, வந்து எடுத்துக்கோங்க என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். புதிதாக வந்திருக்கிற மாஸ்டர் சின்ன வயசுக்காரர், மரியாதையான ஆள், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பெரிய பிள்ளைகளை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டு, கடைசி இரண்டு வருஷம் பொடிசுகளைத்தான் அப்பாவிடம் கொடுத்திருந்தார்கள், அது உனக்குத் தெரியாது. அந்தப் பொடிசுகள் வந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, என்ன உழைப்பு. வாளி நிறையப் பந்து, ஒரு மூலை, மறு மூலை, திரும்பத் திரும்ப அதே அடி, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒருத்தன் சோம்பி நின்றதற்குப் பக்கத்தில் இருந்தவளே டேய் காலை நகர்த்துடா மரம் என்று அதட்டினாள். புது மாஸ்டர் என்னிடம் சொல்கிறார், எவ்வளவு வேலை வாங்கினாலும் இந்தப் பசங்க முகம் சுளிக்கறதில்லைம்மா, உங்க வீட்டுக்காரர் என்ன மந்திரம் போட்டார்னே தெரியலை என்று. எங்க வீட்டுக்காரரா, வேறு யாரையோ சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் திடீரென்று எல்லாப் பிள்ளைகளும் மட்டையைக் கீழே இறக்கிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை, அவருக்கு அது முதல் வாரம், அதுவரை அந்த நேரத்துக்கு முன்னாடியே பிள்ளைகளை அனுப்பிவிட்டாராம். முன்பல் விழுந்த ஒரு பெண் வந்து அவர் கையைப் பிடித்து, மாஸ்டர் இப்போ சுண்டு நேரம் என்றாள். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அது என்ன என்று அவர் கேட்கிறார், பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கம் சொல்கிறார்கள். எல்லோரும் மேசையைச் சுற்றி ஓடணும், அடிச்சுட்டு மட்டையை வெச்சுட்டு ஓடணும், விட்டவங்க கூவணும். பெரிய மாஸ்டர், அதாவது உங்க அப்பா, தினம் வேணும்னே பந்தை விட்டுடுவாராம், விட்டுவிட்டு ஓரமாக நின்று கூவுவாராம், சூப்பரா கூவுவார் என்று ஒருத்தன் செய்து காட்டினான். இத்தனை வருஷம் அவரோடு குடும்பம் நடத்தினேன், அவர் சத்தம் போட்டு நான் கேட்டிருக்கிறேன், கூவிக் கேட்டதில்லை. விட்டவங்க கூவறதைக் கொஞ்சம் குறைக்கலாமே மாஸ்டர் என்று பிள்ளைகள் கேட்டால், ரூல் போட்டது சுண்டு, நான் மாத்த முடியாது என்பாராம்.

அந்தப் பல் விழுந்தவள் என்னிடம் வந்தாள். பாட்டி, சுண்டுன்னா சேவலோட பேரா என்றாள். இல்லை, எங்க வீட்டுப் பொண்ணு என்றேன். அவங்க நல்லா ஆடுவாங்களா என்றாள். ஆடுவா, ரொம்ப நல்லா ஆடுவா, இப்போ ஆடறதில்லை என்றேன். ஏன் என்றாள். அதற்குள் அவள் முறை வந்துவிட்டது, ஓடிவிட்டாள். நல்லவேளை.

இதைக் கேட்டு நான் உருகிவிட்டேன் என்று நினைக்காதே. அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளைக்கு விசில், யார் யாரோ பெற்ற பிள்ளைகளுக்குக் கூவல். வேலை வாங்கவும் தெரியும், சிரிக்க விடவும் தெரியும் என்றால் அதை உன்னிடம் ஏன் செய்யவில்லை. தெரியாத மனுஷன் என்றாவது நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன், அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்த கையோடு மேசைமேல் இருந்த துணியை எல்லாம் அள்ளிப் பாயில் போட்டேன், அப்புறம் படுக்க இடமில்லாமல் திரும்ப அள்ளி மேசைமேலேயே வைத்தேன். அவரை மன்னித்துவிடு என்று இதை எழுதவில்லை. நானே மன்னிக்கவில்லை, உனக்கு எந்த வாயால் சொல்வது.

குட்டிக்காகத்தான் எழுதுகிறேன். அவளைப் பழக்காதே என்று சொல்லமாட்டேன், கை நன்றாக இருந்தால் பழக்கு, வேலை வாங்கு, கால் வலிக்கிறது என்று நடித்தால் நம்பாதே. ஆனால் ஆட்டம் முடிகிற நேரத்தில் கொஞ்சத்தை அவள் கையில் கொடுத்துவிடு. உன் ஆட்டத்தை அவளுக்குச் சொல்லிக்கொடு. நீ பந்தை விடு, விட்டுவிட்டுக் கூவு, அக்கம்பக்கத்துக்காரர்கள் என்ன நினைத்தாலும் சரி. அவள் தோற்று வருகிற அன்று ஜன்னலைப் பார்க்காதே. நீ கிழவி ஆன பிறகு மனசு இளகி என்ன பிரயோஜனம்.

மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிச் சுற்றாதே, ரத்த ஓட்டம் நிற்கும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் முகம் பார்த்து ஒருவர் பேசிக்கொண்டு நீடூழி இருக்க வேண்டும். அவர் மட்டைகளை உறையோடு வைத்திருக்கிறேன், வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா

உறையை ஒட்டப் போனவள் திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். ஹாலில் அத்தனை பிள்ளைகளிடமும் தினம் தினம் உன் பெயரைச் சொன்ன மனுஷன், வீட்டில் நீ போன் பண்ணும்போது மட்டும் இந்தா உன் பொண்ணு என்று என் கையில் நீட்டிவிட்டு எழுந்து போனாரே, ஏன் சுண்டு?