உன் கை வந்து சேராத வேகம்

அக்கா,

இன்று காலை வாசலில் ஒருவன் வந்து நின்றான். கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் பளபளப்பான நோட்டீஸ். நோட்டீஸில் ஒரு குடும்பம் சோபாவில் உட்கார்ந்திருந்தது. ஆளுக்கொரு திரை, எல்லார் முகத்திலும் சிரிப்பு. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"மேடம், உங்க தெருவுக்கு இன்னும் ஃபாஸ்டா ஒரு இன்டர்நெட் பிளான் வந்திருக்கு. ஒரு முழுப் படம் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள டவுன்லோடு ஆயிடும்."

"அவ்ளோ அவசரமா படத்தை இறக்கிட்டு நான் எங்கப்பா போப்போறேன்?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவை அறைந்து சாத்தினேன். பாவம், வயிற்றுப் பிழைப்புக்கு வெயிலில் அலைகிற பையன், அவன் என்ன செய்வான்? ஆனாலும் கோபம் அடங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இதை நீ படிக்கப் போவதில்லை. உயிரோடு இருந்தாலும் படித்திருக்க மாட்டாய். காது கேளாத பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று தெரியாத பள்ளிக்கூடத்தில் உன்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, வகுப்பு வகுப்பாகத் தள்ளி, வெளியே அனுப்பிவிட்டார்கள். எழுத்து உனக்கு ஒட்டவே இல்லை. உன் பேச்சு முழுக்கக் கையில்தான் இருந்தது.

அந்தப் பேச்சை நமக்கு யாரும் கற்றுத்தரவில்லை. சின்ன வயதில் நாம் இருவரும் சண்டை போட்டுப் போட்டே உண்டாக்கிக்கொண்டோம். இரண்டு உள்ளங்கைகளைக் கூரைபோலச் சாய்த்து, மேலே விரல் நுனிகளை ஆட்டினால் அண்ணாமலையார் மலையும் தீபமும். வயிற்றைத் தடவிக் கொட்டாவி விட்டால் என் வீட்டுக்காரர். அவருக்கு நீ வைத்த அந்தப் பெயர் அவருக்கு இன்றுவரை தெரியாது.

நீ கீழ்பென்னாத்தூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபிறகு, உன்னோடு பேச வேண்டுமென்றால் நான் பஸ் ஏற வேண்டும். ஊரில் எல்லார் கையிலும் போன் வந்தது. உனக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. அப்புறம் உங்கள் தெரு கேபிள்காரர் இன்டர்நெட் இழுத்துக் கொடுத்தார். சாதாரண இணைப்பு. முதல் நாள் என் முகம் உன் போனில் தெரிந்ததும் நீ சொன்ன முதல் விஷயம் நினைவிருக்கிறதா? "தலையை வாரவே மாட்டியா?" எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் சொல்வாய். படம் அப்படியொன்றும் பளிச்சென்று இருக்காது. ஆனால் உன் விரல்கள் தனித்தனியாகத் தெரியும். நமக்கு அது போதும்.

ஒரு தீபத்தன்று நான் மாடியில் நின்று மலை உச்சிக்குப் போனைத் திருப்பினேன். நீ கையை வீசி வீசி என்னைத் திட்டினாய். "தீபம் எனக்கும் இங்கிருந்தே தெரியுது. உன் மூஞ்சியைக் காட்டு."

பிறகு பெரிய கம்பெனி வந்தது. கேபிள்காரரின் இணைப்புகளை எல்லாம் வாங்கிக்கொண்டது. வேங்கிக்காலில் எங்கள் தெருவில் மின்னல் வேகம் என்று சொல்லி வீட்டுக்கு வீடு புதிய கேபிள் போட்டார்கள். என் வீட்டுக்காரர் தலைகால் புரியாமல் நின்றார்.

"ஒரே நேரத்துல நாலு டிவில நாலு படம் ஓடுமாம்."

"நம்ம வீட்ல ஒரு டிவிதானே இருக்கு?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

அதே கம்பெனி உன் தெருவில் பழைய ஒயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனது. புதியது போடவில்லை. எங்களுக்கு வருகிற கேபிள் உங்கள் ஊர் மெயின் ரோட்டோரம் மண்ணுக்கடியில்தான் போகிறது. உன் தெருவுக்குள் மட்டும் அது திரும்பவில்லை.

உனக்குக் கடைசியில் மிஞ்சியது போன் சிக்னல். அதில்தான் அந்தக் கொடுமை நடந்தது. என் படம் உனக்குச் சுமாராக வந்தது. உன் படம் எனக்கு வரவே இல்லை. நீ கையைத் தூக்கினால் இங்கே கட்டம் கட்டமாகச் சிதறியது. நான் பேசுவது உனக்குப் புரியும், நீ பேசுவது எனக்குப் புரியாது. பிறக்கும்போதே காதை இழந்தவள் நீ. இருந்த ஒரு பேச்சையும் இவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள்.

டவுனில் இருக்கிற அவர்கள் ஆபீசுக்குப் போனேன். ஏசி அறை. மேனேஜர் என் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்.

"உங்க வீட்ல ஸ்பீடு சூப்பரா இருக்கே மேடம்."

"எங்க அக்கா வீட்லதான் சார் லைனே இல்லை. அதை யாரு பாப்பாங்க?"

"அந்தத் தெருவுல கஸ்டமர் கம்மி. லைன் இழுத்தா கட்டுபடி ஆகாது. பேசறதுக்குத்தான் போன் இருக்குல்ல?"

"அவளுக்குக் காது கேக்காது, வாய் பேச வராது."

"அப்போ மெசேஜ் போடச் சொல்லுங்க."

எதிரில் இருந்த மேசையைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. அப்படியே கவிழ்த்திருக்கலாம்.

அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். மாமா வேனில் சவாரி போயிருந்தார். நீ தனியாக இருந்தாய். வழக்கமான நேரத்துக்கு முன்பே கூப்பிட்டாய். முதலில் உன் கை நெஞ்சுக்குப் போனது, அது மட்டும் தெரிந்தது. நம் பேச்சில் நெஞ்சில் கை வைத்தால் 'நான்' என்றும் அர்த்தம், 'எரியுது' என்றும் அர்த்தம், வேறு என்னென்னவோ அர்த்தம். அதற்கடுத்து வருகிற சைகையில்தான் விஷயமே இருக்கும். அடுத்தது கட்டம் கட்டமாகச் சிதறிப்போனது. "திரும்பச் சொல்லு" என்றேன். நான் சொன்னது உனக்குத் தெளிவாகத் தெரிந்தது. திரும்பச் சொன்னாய். சிதறியது. இன்னொரு தடவை சொன்னாய். கடைசியாக உன் முகம் மட்டும் ஒரு கணம் அசையாமல் நின்றது. அதில் இருந்த கோபத்தை எனக்குத் தெரியும். பிறகு படம் போய்விட்டது.

நான் மாமாவுக்குப் போன் போட்டேன். "இன்னாம்மா சொல்ற? மத்தியானம்கூட நல்லாத்தானே இருந்தா!" என்று வண்டியைத் திருப்பினார். பக்கத்து வீட்டுக்காரர்களையும் போகச் சொன்னார். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உன் கண் மூடியிருந்தது. பேசவேண்டிய கையில் ஊசி ஏற்றி, பட்டை ஒட்டி, அசையக்கூடாது என்று கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டை அவிழ்க்காமலேயே நீ போய்விட்டாய்.

"ஹார்ட் அட்டாக்தாம்மா. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். ஒத்துக்கொள்கிறேன். கேபிள் இருந்திருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் நீ கடைசியாக என்ன சொன்னாய்? வலிக்கிறது என்றா? மாமாவைக் கூப்பிடு என்றா? என்னைப் பற்றி ஏதாவதா? இந்த உலகத்தில் உன் பேச்சு முழுசாகப் புரிந்தவள் நான் ஒருத்திதான். என்னிடம்தான் சொன்னாய். என்னிடமே அது இல்லை.

நீ மூன்றாவது முறை சொல்லிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் என் வீட்டில் ஹாலில் யாரும் பார்க்காத டிவி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே என் மகன் எந்த ஊரிலோ இருக்கிற எவனையோ விளையாட்டில் சுட்டுக்கொண்டிருந்தான். எல்லாம் துல்லியம். ஒரு இடத்தில்கூடச் சிக்கவில்லை. அதில் ஒரு துளி உன் தெருவுக்கு வந்திருந்தால் போதுமே அக்கா! வீட்டுக்கு இன்டர்நெட் எதற்கு என்று கேட்கிற ஆள் நான் இல்லை. அது உனக்கு வாயாக இருந்தது. ஒரு வீட்டுக்கு வாய் இல்லாதபோது இன்னொரு வீட்டுக்கு எதற்கு இந்த வெறிபிடித்த வேகம் என்றுதான் கேட்கிறேன்.

காரியம் முடிந்ததும் முதல் வேலையாக எங்கள் இணைப்பை, இருப்பதிலேயே குறைந்த வேகத்துக்கு மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. படம் ஓடியது, விளையாட்டு ஓடியது. வாரக்கணக்காக ஒருவரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. நானாகச் சொன்னபிறகுதான், "அதான் கொஞ்ச நாளா ஸ்லோவா இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். உன்னிடம் சொல்லியிருந்தால் வயிற்றைத் தடவிக் காட்டியிருப்பாய்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை மாமாவோடு கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டத்துக்குப் போனேன். உங்கள் தெருவுக்கு லைன் கேட்டு மனு. வாங்கிய அதிகாரி படித்துப் பார்த்தார்.

"இறந்துட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் லைன் யாருக்கும்மா?"

"தெரு இன்னும் சாகலை சார்" என்றார் மாமா. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"அது தனியார் கம்பெனி. நாங்க எப்படிக் கட்டாயப்படுத்த முடியும்?"

நான் பேச ஆரம்பித்தேன். ஒயரைச் சுருட்டியது, மேனேஜர் சொன்னது, உன் கடைசிச் சாயங்காலம், எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "கையை ஆட்டாம பேசுங்கம்மா" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். என் இரண்டு கைகளும் மேலே எழுந்து, வாயைவிட வேகமாகப் பேசிக்கொண்டிருந்தன. இப்போதெல்லாம் கோபம் வந்தால் எனக்கு இப்படித்தான் ஆகிறது அக்கா. கையை நான் இறக்கவில்லை. நான் சொன்னதில் பாதிதான் அவருக்குப் புரிந்திருக்கும். மீதியை உன் மொழியில் சொல்லிவிட்டு வந்தேன்.