மூன்றாம் கிணற்றுக்கு மருந்து

மார்ச் 3

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நீயும் அப்பாவும் சுகம்தானே? இங்கே நான் இருக்கிறேன், அவ்வளவுதான்.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் வருகிறேன் என்றேனே, முடியாது. திட்டாமல் முழுதும் படி.

ஆழ்கிணறுகள் வழியாகப் பூமிக்கு அடியிலிருந்து கொதிநீரை மேலே எடுத்து, அதன் ஆவியில்தான் இங்கே மின்சாரம் தயாரிக்கிறோம். அந்த நீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கும். மேலே வர வர அழுத்தம் குறைந்து, குழாய்ச் சுவரில் கல்லாகப் படியும். நம் வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாக ஒட்டுமே, அதேதான். விட்டால் கிணற்றையே அடைத்துவிடும். அதனால் ஒரு மெல்லிய குழல் வழியாக ஆழத்துக்கு மருந்து சொட்டவிட்டுக்கொண்டே இருப்போம். அதைப் பார்ப்பதுதான் உன் அக்காவின் உத்தியோகம்.

ஊருக்கு வரும் அவசரத்தில், நான் இல்லாத நாட்களுக்கும் சேர்த்துத் தாங்கட்டும் என்று மூன்றாம் கிணற்றுக்கு மருந்தைக் கெட்டியாக விட்டேன். மருந்தே கூழாகிக் குழலை அடைத்துக்கொண்டது. கிணற்றில் கல் ஏறிவிட்டது. படித்த முட்டாள் என்று நீ சொல்வது காதில் விழுகிறது. இனி உள்ளே கருவி இறக்கிச் சுரண்ட வேண்டும். மாதக் கடைசியில் நிச்சயம் வருகிறேன். அப்பாவிடம் பக்குவமாகச் சொல்.

பாசமுள்ள அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

படித்த முட்டாளுக்கு வணக்கம்.

அப்பாவிடம் சொல்லவில்லை. காலையில் கண் விழித்ததும், "பெரியவ வந்துட்டாளா?" என்கிறார். "பஸ் லேட்டுப்பா" என்கிறேன். ஒரு பஸ் எத்தனை நாளைக்குத்தான் லேட்டாகும்?

அவருக்கு வலது கை இன்னும் அசையவில்லை. நேற்று ஊட்டும்போது கரண்டியைத் தட்டிவிட்டார். நானும் கத்திவிட்டேன். பிறகு இரண்டு பேரும் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அது ஓடவேயில்லை.

வெளியூர் பேக்கரி முதலாளி ஒன்றாம் தேதிவரை எனக்காக வேலையை வைத்திருக்கிறார். அதற்குமேல் அவராலும் முடியாதாம். அப்பா பக்கவாதத்தில் விழுந்த நாளிலிருந்து நான் இந்தத் தெருமுனையைத் தாண்டி எங்கும் தங்கியதில்லை. கோபமெல்லாம் இல்லை அக்கா, களைத்துவிட்டேன். நீ வந்து வாசலில் நின்றால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அன்புத் தம்பி

மார்ச் 27

அன்புள்ள வாலுவுக்கு,

கிணறு திறந்துவிட்டது. மருந்தும் ஒழுங்காக இறங்குகிறது. "நீ போம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்று கூட வேலை செய்பவர்களே பிடித்துத் தள்ளினார்கள்.

பையோடு ஸ்டேஷன்வரை போனேன். ரயில் வந்தது, ஏறவில்லை. திரும்பி வந்து ஆய்வகத்தில் உட்கார்ந்துவிட்டேன். சாக்குச் சொல்ல இப்போது கிணறும் இல்லை.

கிணற்றில் நான் ஏதாவது செய்தால் அது கேட்கும். போன தடவை அப்பா பக்கத்தில் உட்கார்ந்தபோது கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. என்ன செய்தாலும் அவர் பழையபடி ஆகப்போவதில்லை. பயமாக இருக்கிறது, வாலு. இன்னும் ஒரே மாதம் பொறுத்துக்கொள்.

அக்கா

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

பேக்கரியில் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள். முதலாளிமேல் தப்பில்லை. ஆகவே நீ இனி அவசரப்பட வேண்டாம்.

பயம் என்று எழுதியிருந்தாய். எனக்கும்தான். அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கும்போதெல்லாம் கீழே போட்டுவிடுவேனோ என்று இருக்கிறது. ஆனால் அவர் கூப்பிட்டால் யாராவது எழுந்து போயாக வேண்டுமே.

நீ வரவில்லை என்று நேற்று அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அவளுக்கு அங்க வேல ஜாஸ்தி" என்றார். பிறகு நான் கேட்காமலேயே வாயைத் திறந்து, கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டார். என்னைத் தேற்றுகிறாராம்.

இனி அவர் பெயருக்கு எழுது, வாசித்துக் காட்டுகிறேன். எனக்கென்று தனியாக எழுத வேண்டாம்.

தம்பி