அவித்த நெல்லில் மேய்ந்த குதிரை

தை, வெள்ளிக்கிழமை இரவு.

இன்று முற்றத்தில் நெல் அவித்தோம். குத்தகைத் தகராறில் அறுக்க விடுவார்களோ மாட்டார்களோ என்று கிடந்த வயலின் நெல். அவித்ததைப் பாயில் கொட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன். அதற்குள் மகள் நூர்ஜகான், அவள் அத்தா துபாயிலிருந்து அனுப்பிய பிளாஸ்டிக் குதிரையை, மேயட்டும் என்று ஆவி பறக்கும் நெல்லில் நட்டு வைத்துவிட்டாள். நாலு காலும் மடங்கிக் குதிரை படுத்துவிட்டது.

"அத்தா வந்து கேட்டா என்னம்மா சொல்றது?" என்று ஒரே அழுகை. வந்த கோபத்துக்கு முதுகில் ஒன்று வைத்திருப்பேன். அந்த முகத்தைப் பார்த்ததும் கை எழவில்லை.

சூட்டில் வளைந்தது சூட்டில் நிமிராதா? அண்டாவில் கொதித்த தண்ணீரைச் சட்டியில் மொண்டு கால்களை முக்கினேன். இளகியதும் நிமிர்த்திவிட்டுக் கையை எடுத்தேன். திரும்ப வளைந்துகொண்டது. எனக்கு எப்போதும் அவசரம். மறுபடி முக்கி நிமிர்த்தி, பிடித்த பிடியோடு குளிர்ந்த பானைத் தண்ணீரில் அமிழ்த்தினேன். விறைக்கும் வரை விடவில்லை. விரலெல்லாம் சிவந்துபோயிற்று.

பின்னங்கால் ஒன்று இன்னும் கோணல்தான். "நொண்டிக் குதிரைம்மா" என்று சிரித்தாள்.

"நிக்குதுல்ல?" என்றேன்.

திங்கட்கிழமை குத்தகை விசாரணைக்குத் தாசில்தார் முன்னால் நான்தான் போய் நிற்க வேண்டும், இவள் அத்தா இல்லாமல். என்னென்ன கேட்பார்களோ. ஆனாலும் நெல் வீடு வந்து சேர்ந்துவிட்டது. குதிரை ஜன்னலில் இருக்கிறது. இப்போதுதான் ஒருமுறை தட்டிப் பார்த்தேன். ஆடியது, விழவில்லை.