விரற்பூவுக்கு வைக்கும் தீயை நிறுத்துக

மழை பொய்யாத மலைகளும் கதவடையாத அறச்சாலைகளும் உடைய குன்றநாட்டின் வேந்தராகிய நெடுமுடிக் குன்றவேளின் தலைமை அமைச்சன் பூதங்குமரன், பனிக்கோட்டத்துத் தலைவர் சேந்தனார்க்கு விடுக்கும் ஓலை. உம் சுனைகள் நிறைக. உம் குடிகள் நோயின்றி வாழ்க.

உம் தோட்டத்து விரற்பூச் செடிகளுக்குத் தீ வைக்க இந்நேரம் ஆள் நின்றால், முதலில் பந்தத்தை அவிக்கச் சொல்லுக. பிறகு மேலே படிக்க. அவற்றை இவ்வமாவாசையன்று எரிக்கச் சொல்லிப் பதினைந்து நாட்களுக்கு முன் நாமே விடுத்த ஓலை இதனால் செல்லாததாகிறது. காரணம் கேளும்.

கடல் கடந்து வந்த வணிகர் தந்த விதைகளில் பாதியை உமக்கு அனுப்பினோம். மீதியைத் தலைநகரில் முளைக்கவைத்தவள் அரண்மனைத் தோட்டக்காரி கொற்றி. விரல் நுழையும் அளவில், உள்ளே புள்ளியிட்டு, ஊதா மணிகளாய்த் தொங்கும் அப்பூவைக் காண அரசியாரே நாள்தோறும் வந்தார். இன்னும் பூக்காத இளஞ்செடியின் இலையைக் கீரையென்று எண்ணி மடைப்பள்ளியார் கடைந்து உண்டதே கேடாயிற்று. நால்வர் குடல் புரள வாந்தியெடுத்தனர். வெண்சுவரும் மஞ்சளாய்த் தெரிகிறதென்று அலறினர். அவர்கள் நாடி தட்டுத் தடுமாறியது. ஒருவன் மாண்டான். நஞ்சு வளர்த்தாளெனக் கொற்றியைச் சிறையிலிட்டோம், செடிகளை எரித்தோம், காய்ந்த இலைக்கட்டு ஒன்றை மட்டும் வழக்குச் சான்றாக முத்திரையிட்டு வைத்தோம்.

மாண்டவனை நினைத்து அவள் மூன்று நாள் சோறு தொடவில்லை. நான்காம் நாள் கஞ்சி கொண்டு வந்தவன், அந்த இலையை உண்டு பிழைத்த சமையற்காரன் கடம்பன். இரண்டாண்டாக வீங்கிய கால்களை இழுத்து நடந்தவன், அன்று விடுவிடென்று வந்து நின்றான்.

"அண்ணே, மத்தளம் மாதிரி இருந்த காலு எங்கே போச்சு?" என்றாள் கொற்றி.

"அதை ஏன் கேக்கறே தாயி! வாந்தி நின்னதும் தண்ணி பிரிஞ்சுகிட்டே இருந்துச்சு. ரெண்டே நாள்ல வத்திப்போச்சு."

கொற்றி அரசரை நினைத்தாள். அரசரின் நோயும் அதுவேயென்று நாடே அறியும். உடலெங்கும் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தபடியே அவர் நாட்களைக் கழித்தார், மருத்துவர் கைவிரித்துவிட்டனர். சிறைக்கதவை அவள் தட்டிய தட்டில் காவலர் ஓடிவந்து எம்மை அழைத்தனர்.

"ஐயா, ஆளைக் கொன்னதும் இந்த இலைதான், கடம்பண்ணன் காலை வத்தவச்சதும் இதேதான். அளவுதான் வேறே. முதல்ல நான் குடிக்கிறேன். நாடியைப் பிடிச்சுப் பாருங்க" என்றாள்.

இலைக்கட்டின் முத்திரையை உடைத்தோம். ஒரு குன்றிமணி எடையில் தொடங்கி, நாள்தோறும் சிறிது கூட்டி, குமட்டல் கண்ட இடத்தில் நிறுத்தினாள். அந்த மூன்று நாளும் அரண்மனை மருத்துவர் அவள் மணிக்கட்டை விடவில்லை. அரசரிடம் சொன்னபோது, "கொண்டு வா அம்மா, இப்படி உட்கார்ந்தே எத்தனை நாள் கிடப்பேன்?" என்று மூச்சுக்கிடையே சிரித்தார்.

அவள் கண்ட அளவுக்குள்ளேயே அரசருக்கு மருந்து தந்த முதல் நாள் ஒன்றும் நிகழவில்லை. கொற்றி வாயிலிலேயே நின்றாள். அவளருகே வாளேந்திய காவலரும் நின்றனர். இரண்டாம் நாள் நீர் பிரியத் தொடங்கியது. சேந்தனாரே, குடம் குடமாகப் பிரிந்தது! ஐந்தாம் நாள் முழங்கால் எலும்பு தெரிந்தது. ஆறாம் நாள் அரசர் நீட்டிப் படுத்து, உச்சிப்பொழுது வரை உறங்கினார். அஞ்சிய அரசியார் அவர் மார்பில் காது வைத்துக் கேட்டுவிட்டு, எம் முன்னிலையிலேயே வாய்விட்டு அழுதார்.

இலைக்கட்டு தீர்ந்துவிட்டது. இனி இந்நாட்டில் இச்செடி இருப்பது உம் தோட்டத்தில் மட்டுமே. ஆதலால் அதைச் சுற்றி வேலியிடுக. எவரும் வாயில் வையாதபடி பறையறைவிக்க. கொற்றி அரசரின் பல்லக்கில் இவ்வோலைக்குப் பின்னே புறப்பட்டுள்ளாள். அவள் வரும்வரை ஓர் இலையும் கிள்ளப்படலாகாது. அவள் குறிக்கும் எடையே எடை. அதை மீறுவோர் கொலைக்குற்றம் புரிந்தோராவர். அரச மருத்துவச்சிக்குரிய வரிசையோடு அவளை ஊர் எல்லையில் நின்று வரவேற்க.

இது வேந்தரின் வரையாட்டு முத்திரையிட்ட ஆணை. இதன்கீழ் உள்ள பெயர் எம் எழுத்தன்று; எழுத்தாணியை எம் கையிலிருந்து வாங்கி, எவரும் தாங்காமல் நின்றபடியே அரசர் தாமே இட்டது.

குன்றவேள்