ரேடியேட்டரில் தண்ணீர் இருந்தது

வியாசர்பாடி,
ஞாயிற்றுக்கிழமை.

மாமு அலெக்ஸாண்டருக்கு,

தீனா எழுதுகிறேன். நீ என் நம்பரை பிளாக் செய்து எட்டு மாதம் ஆகிறது. அதனால் சவுதியில் நீ இருக்கும் தம்மாமுக்குத் திரும்பும் ஷிஜி அண்ணன் கையில் இந்தக் காகிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதென்றால் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

உன் வீட்டில் எல்லோரும் நலம். உன் தங்கை சாண்ட்ராவுக்கு ஜனவரியில் ராயபுரம் கோயிலில் கல்யாணம். உன் நைனாவுக்கு முட்டி வலி. டாக்டரிடம் போகச் சொன்னால் காதில் விழாத மாதிரி எழுந்து போகிறார்.

இனி வண்டி. இரண்டு மாதம் முன்னால் நைனா என்னைக் கூப்பிட்டு, அன்று நடுரோட்டில் நின்றுபோன அம்பாசிடரைக் காயலான் கடைக்குப் போடப் போவதாகவும், நான் மாட்டிய இரண்டு எலக்ட்ரிக் ஃபேன்களையும் கழற்றிக்கொள்ளும்படியும் சொன்னார். நாம் வைத்த டீசல் இன்ஜின் நீளம் என்பதால் பழைய பெல்ட் ஃபேனுக்கு இடமில்லாமல் போனது ஞாபகம் இருக்கும். அதற்காகத்தானே இந்த ஃபேன்களை ரேடியேட்டருக்கு முன்னால், கிரில் பக்கம் மாட்டினேன்.

கழற்றுவதற்கு முன் என் யூடியூப் சேனலுக்குக் கடைசியாக ஒரு வீடியோ எடுக்கலாம் என்று பேட்டரி கொடுத்து ஓட விட்டேன். கிரில் மேல் ஒரு பேப்பரை வைத்தேன். ஒட்டிக்கொள்ள வேண்டிய பேப்பர் பறந்து வந்து என் மூஞ்சியில் அடித்தது.

மாட்டிய அன்றைக்கு எடுத்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அன்றும் பேப்பர் வைத்தேன், ஒட்டியது, நான் குதித்தேன். ஆனால் வைத்தது இன்ஜின் பக்கம். அவை ரேடியேட்டருக்குப் பின்னால் மாட்ட வேண்டிய ஃபேன்கள். முன்னால் மாட்டினால் வயர்களை மாற்றிக் கொடுக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. காற்று உள்ளே போகாமல் ரோட்டைப் பார்த்து வெளியே வந்திருக்கிறது. 'ராங் சைடு ப்ரோ' என்று ஒருத்தன் அன்றைக்கே கமென்ட் போட்டிருந்தான். மூன்று சிரிப்பு பொம்மை போட்டுவிட்டு நான்தான் அதை அழித்தேன்.

நாம் சோதித்த இடமும் அப்படி. மூன்று நாளும் எண்ணூர் ரோட்டில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று போனோம். ஹீட் மீட்டர் முள் பாதியைத் தாண்டவில்லை. இங்கே சூடாகாத வண்டி எங்கேயும் சூடாகாது என்று சத்தியம் பண்ணினேன். நிற்கிற வண்டிக்கு எந்தப் பக்கம் ஊதினாலும் கொஞ்சம் காற்று கிடைக்கும். வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றும் ஃபேனும் மோதிக்கொள்ளும். சாண்ட்ரா நிச்சயதார்த்தத்துக்குப் போகும்போது வெளிவட்டச் சாலையில் நீ எண்பது தொட்டதும் இன்ஜின் கொதித்து வண்டி நின்றது அதனால்தான்.

மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நைனா உன்னிடம், “தண்ணி பாக்காம இன்னாத்துக்குடா வண்டிய எடுத்த?” என்று கேட்டாராம். அதற்கு முன்னால் அவர் எனக்குத்தான் போன் செய்தார். ஃபேன் பக்கா, அவன் தண்ணி ஊத்தியிருக்க மாட்டான் என்று சொன்னது நான். நீ பிளாக் செய்தது அதற்கு என்று தெரியும்.

எல்லாவற்றையும் நைனாவிடம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். “நீ பெரிய இஞ்சினீருன்னு ஊரே நெனச்சிகினு கீது. அத்த நம்பி எம் புள்ளைய சந்தேகப்பட்டேன் பாரு” என்றார். காயலான் கடைக்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

வயர்களை மாற்றினேன். ஒரு மாதம் இன்ஜினைப் பிரித்து, சூட்டில் வளைந்த ஹெட்டைச் சரி செய்து, கேஸ்கெட் மாற்றினேன். போன புதன்கிழமை நைனாவை ஏற்றிக்கொண்டு அதே சாலையில் எண்பதில் போனேன். முள் அசையவில்லை. அன்று வண்டி நின்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். இறங்கி, பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: “அவன் கைல சொல்லு. அன்னிக்கு தண்ணி இருந்துச்சி.”

சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவு என்று அவருக்குத் தெரியும். அன்று மட்டும் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து டிவி பக்கத்தில் வைக்கிறார். அவராகக் கூப்பிட மாட்டார். நீ கூப்பிடு. முட்டி வலியைப் பற்றி மட்டும் கேள், போதும். என்னை பிளாக்கிலேயே வைத்துக்கொள்.

அங்கே வெயில் அதிகமாம். வேலைக்கு நடுவில் தண்ணீர் நிறையக் குடி.

இப்படிக்கு,
தப்பாக வயர் கொடுத்த
தீனா