ஆயுத பூஜைக்கு அணைத்த பெட்டி

சித்தூர்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

டெபோரா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் அத்தையும் சின்னவளும் நானும் சுகம். உங்கள் கப்பல் எந்தக் கடலில் இருக்கிறதோ, அங்கே நீங்களும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். போன் எடுக்காத இடத்திலும் மெயில் வந்து சேரும் என்று உங்கள் கம்பெனியார் சொன்னதை நம்பி எழுதுகிறேன். போன முறை மாதிரி "ஓகே" என்று ஒற்றை வார்த்தை அனுப்பினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பக்கத்து வீட்டில் இன்னொரு மாடி எழுப்புகிறார்கள், நம் துணிக்கு இனி வெயில் கிடையாது. சின்னவள் கணக்கில் மட்டும் உங்களைக் கொண்டிருக்கிறாள், மற்றபடி எல்லாம் வாய்தான்.

இப்போது ஃபேக்டரி விஷயம். நம் மாம்பழக் கூழ் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. ஒரு டிரம்மைத் திறந்தபோது கூழில் மெல்லிய கம்பித் துண்டுகள் இருந்தனவாம். படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, சீசனில் கிழிந்த சல்லடையின் கம்பி அது. கிழிசலைக் கண்டுபிடித்து மாற்றுவதற்குள் அதன் வழியாக நிரம்பிய டிரம் எல்லாமே சந்தேகம்தான். அவர்கள் அந்தக் கூழில் கைக்குழந்தைகளுக்கான சாப்பாடு தயாரிக்கிறவர்கள். மற்ற டிரம்கள் எவை, எங்கே போயின என்று கேட்கிறார்கள். லேபைப் பார்த்துக்கொள்பவள் நான், பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

எந்த டிரம் எந்த நாள், எந்த மெஷினில் நிரம்பியது என்ற அந்தப் பதில் முழுவதும், ஃபேக்டரி கம்ப்யூட்டர்களை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது விவரம் சேமிக்க அமைத்துக் கொடுத்த டிஸ்க் பெட்டியில் இருக்கிறது. காகிதத்தில் எழுதுவதை முதலாளி சம்பத் சார் எப்போதோ நிறுத்திவிட்டார். வாரம் ஒரு நகல் எடுத்து வெளியே வைக்கச் சொல்லிவிட்டுப் போனீர்களே, அது நீங்கள் கப்பல் ஏறிய மாதமே நின்றுபோனது. ஆறு டிஸ்க் இருக்கும்போது நகல் எதற்கு என்பது சாரின் எண்ணம். லிஸ்ட் எடுத்துத் தரச் சொன்னால் "பூஜ முடியட்டும்மா, அப்பால பாத்துக்கலாம்" என்கிறார். உங்கள் இடத்துக்கு வந்த அருள்குமார், அவர் சொல்லாமல் பெட்டியைத் திறக்க மாட்டான்.

ஆறில் ஒன்று போய்விட்டது. அதற்குப் பதிலாக அவன் திருப்பதியில் மலிவாக ஒன்று வாங்கி வந்து செருகினான். கடைக்காரர் கொடுத்தது கண்காணிப்புக் கேமராவுக்குப் போடும் டிஸ்க்காம், பெட்டி அதைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. மீதி ஐந்தும் ஒரே நாளில் ஒரே கடையில் எடுத்தவை. இரண்டு கடைகளில் பிரித்து வாங்கலாம், இல்லாவிட்டால் வயதாகும்போது எல்லாம் சேர்ந்தாற்போல் படுத்துவிடும் என்று நீங்கள் எவ்வளவோ சொன்னீர்கள். தள்ளுபடி பெரிதாகப் போய்விட்டது சாருக்கு. இரண்டு போகும்வரை தாங்கும், மூன்றாவது போனால் எதுவும் மிஞ்சாது என்று சோற்றுக்கு நடுவே நீங்கள் பாடம் எடுத்தபோது அலுத்துக்கொண்டவள், இப்போது மனப்பாடமாக ஒப்பிக்கிறேன்.

எனக்குப் பயம் ஆயுத பூஜையை நினைத்துத்தான். அன்றைக்கு எல்லா இயந்திரமும் ஓய்வெடுக்க வேண்டும். நீங்கள் இருந்தவரை மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு, பெட்டியும் ஓய்வெடுக்கிறது என்று சொல்லி ஒப்பேற்றினீர்கள். வருஷக்கணக்காகச் சுற்றிய டிஸ்க்கை நிறுத்தினால் திரும்ப எழுந்திருக்குமோ என்னவோ என்பீர்கள். அருள்குமாருக்கு அந்தத் தந்திரம் தெரியாது, தெரிந்தாலும் செய்ய மாட்டான், பக்திமான். சொல்லிப் பார்த்தேன். "இன்னாக்கா, லாரி, மோட்டாரு எல்லாம் ஒருநாளு சும்மா நிக்குது, இது மட்டும் ஓடிக்கினே இருக்கணுமா?" என்றான். எனக்கு அவர்கள் பூஜை மேல் ஒரு வருத்தமும் இல்லை, வருஷா வருஷம் சுண்டலை முதலில் வாங்குவதே நான்தான். பெட்டியைத் தொடாதே என்று நீங்கள் ஒரு வரி சாருக்கு எழுதுங்கள். உங்கள் பேச்சுக்கு அவரிடம் இன்னும் மதிப்பு உண்டு.

உங்கள்
டெபோரா


சித்தூர்,
பூஜைக்கு மறுநாள்

அன்புள்ளவருக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. கடல் மோசமோ என்று அத்தை இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். கப்பலில் வேலை அதிகம் என்று நானாக ஒரு பதில் சொல்லி வைத்தேன்.

நேற்று நான் போவதற்குள் சாரே சொல்லிப் பெட்டியை அணைத்துச் சந்தனம், குங்குமம் வைத்து மாலையும் போட்டுவிட்டார்கள். என் லேப் சுவருக்கு அந்தப் பக்கம் எப்போதும் கேட்கும் இரைச்சல் இல்லை. வாசலில் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். சாரிடம் போய்ச் சொன்னேன். "ஏம் காதும்மா, ஒண்ணும் ஆவாது. உங்க வூட்டுக்காரரு மானிட்டர மட்டும் ஆஃப் பண்ணிக்கினு இருந்தது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா?" என்று சிரித்தார். இத்தனை வருஷமும் தெரிந்தேதான் விட்டுவைத்திருக்கிறார். அப்படியென்றால் இந்த வருஷம் மட்டும் ஏன் நிறுத்தச் சொன்னார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இன்று காலை போட்டால் ஒரு டிஸ்க் சுற்றவே இல்லை. இன்னொன்று டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அருள்குமார் பதறிப்போய் அணைத்து அணைத்துப் போட்டான். வேண்டாம்டா, கையை எடு என்று கத்தினேன். அதற்குள் அந்த டிக் டிக்கும் அடங்கிப்போனது. ஏற்கெனவே போனதையும் சேர்த்து மூன்று, உள்ளே இருந்த விவரம் எல்லாம் போன மாதிரிதான். நல்லதென்று நினைத்துத்தானே செய்தேன் என்று அவன் அழுதான். அவனைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

சென்னையில் செத்த டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், இனிமேல் யாரும் தொடாமல் அப்படியே அனுப்பலாம் என்று சாரிடம் கெஞ்சினேன். பார்க்கலாம் என்றார். அவர் முகத்தில் கவலை என்று ஒன்றைத் தேடினேன், இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது.

டெபோரா


சித்தூர்,
திங்கட்கிழமை

அன்புள்ளவருக்கு,

டிஸ்க்குகள் சென்னைக்குப் போகவில்லை. பெட்டியோடு பழைய சாமான்காரரிடம் போய்விட்டன. இயந்திரக் கோளாறால் விவரம் அழிந்துவிட்டது, வருந்துகிறோம் என்று சார் அந்தக் கம்பெனிக்கு எழுதிவிட்டார். குடோனில் மிச்சமிருந்த டிரம்களை இங்கேயே ஜூஸ் போடுகிறவர்களுக்கு விற்கிறார். இன்று மட்டும் புத்தூர் ரோட்டில் நான்கு லாரி போனது. டிரம் மேல் நம்பர் இருக்கிறது. அந்த நம்பர் எந்த நாள், எந்த மெஷின் என்று சொல்ல இனி உலகத்தில் யாராலும் முடியாது.

இந்த சீசனில் எங்களிடமிருந்து வந்த எந்த டிரம்மையும் நம்பாதீர்கள் என்று என் பெயர் போட்டு அந்தக் கம்பெனிக்கு மெயில் அனுப்பிவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்தேன், கோபிக்காதீர்கள். நாளை எனக்கு வேலை இருக்காது. வேறென்ன இருக்காது என்று நினைக்கத் தைரியமில்லை. மெயில் விஷயம் தெரிந்ததும் அத்தை வாசல் கதவைப் பகலிலேயே தாழ் போட்டுவிட்டார்கள், சாரின் ஆட்கள் வருவார்களோ என்று பயம். இங்கே உள்ள ஜூஸ்காரர்கள் யார் யார் என்றுகூட எனக்குத் தெரியாது, அவர்களுக்கு யார் சொல்வது?

சின்னவளிடம் இனிமேல் கடையில் மாம்பழ ஜூஸ் வாங்கிக் குடிக்கக்கூடாது என்றேன். ஏன் என்றாள். பல் கெட்டுப்போகும் என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் அப்படிப் பொய் சொல்ல வரவில்லை. கப்பலில் சாப்பாட்டு மேஜையில் மாம்பழ ஜூஸை எந்த தேசத்து லேபிள் ஒட்டி வைத்தாலும் அதை மட்டும் தொடாதீர்கள். உங்களோடு இருக்கிறவர்களுக்கும் சொல்லுங்கள். கர்த்தர் உங்களைக் காப்பாராக. நாம் முகம் பார்க்காத அந்தப் பிள்ளைகளையும் காப்பாராக.

உங்கள்
டெபோரா