ஆறு மாதம் பொறுத்திருக்கலாம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் தங்கை நன்றாகத் தேறி வருகிறாள். ஆபரேஷன் தையல் ஆறிவிட்டது. சுவரைப் பிடிக்காமல் சமையலறை வரை நடக்கிறாள். நேற்று நான் துவைத்துப் போட்ட துணிகளைப் பார்த்து, "இதுக்குப் பேரு துவைக்கிறதா?" என்று கேட்டாள். பழைய குரல் வந்துவிட்டது என்று மகளும் நானும் சிரித்தோம். சகலையின் முதுகுவலி இப்போது எப்படி இருக்கிறது?

போனில் பேசாமல் எழுதுகிறேனே என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் ஒரு அறையில் பேசினால் அடுத்த அறையில் கேட்கும். இது அவள் காதில் இப்போதைக்கு விழக் கூடாத விஷயம்.

எங்கள் பிரிட்ஜ் கம்பெனியில் ஆட்குறைப்புப் பேச்சு கிளம்பியது உங்களுக்குத் தெரியும். கதவு ரப்பர் சரியாக ஒட்டுகிறதா என்று, காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்ப்பது என் வேலை. சோதிக்க வரும் பிரிட்ஜ்களே குறைந்துகொண்டு வந்தன. கேன்டீனில் இரண்டு மேசையைத் தவிர மற்றதையெல்லாம் மடக்கி வைத்துவிட்டார்கள். ஐம்பதை நெருங்குகிறவனை இனி யார் வேலைக்கு எடுப்பார்கள் என்ற பயம் ஒரு பக்கம். வேலையோடு கம்பெனி கொடுத்த மருத்துவ இன்சூரன்ஸும் போய்விடும் என்பது அதைவிடப் பெரிய பயம்.

இன்சூரன்ஸ் அட்டை செல்லும்போதே எல்லா வைத்தியத்தையும் முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி பிடித்தது. வீட்டில் யாருக்கு எங்கே வலிக்கிறது என்று தேடித் தேடிக் கேட்டேன். என் பல்லை அடைத்துக்கொண்டேன். ஒன்றுமே இல்லாத மகளின் காதைக்கூடக் கொண்டுபோய்க் காட்டினேன். "எனக்கு வியாதியே இல்லப்பா, மன்னிச்சிரு" என்று அவள் கிண்டல் செய்தாள்.

அடுத்து உங்கள் தங்கையின் முறை. மாதாமாதம் ரத்தப்போக்கில் அவள் பட்ட பாடு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி தெரிந்தது. புற்று இல்லை. நர்ஸ் அவளை ரத்தம் எடுக்கக் கூட்டிப்போன நேரத்தில் டாக்டரம்மா என்னிடம், "அவசரமே இல்லைங்க. ஆறு மாசம் மாத்திரை குடுத்துப் பார்க்கலாம். சரிவரலைன்னா கர்ப்பப்பையை எடுத்துரலாம். அவங்ககிட்டயும் சொல்லி, ரெண்டு பேருமா முடிவு பண்ணுங்க" என்றார்.

ஆறு வாரம் எனக்கு வேலை இருக்குமா என்றே தெரியாத நேரம் அது. பஸ்ஸில் வரும்போது, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். எடுத்துவிடுவதுதான் நல்லதாம் என்றேன். மாத்திரையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவள் ஸ்கேன் கவரைப் பைக்குள் செருகினாள். பிறகு, "வேற வழியே இல்லையாமா?" என்று கேட்டாள்.

"இல்லையாம்" என்று சொன்னேன், அக்கா.

ஆபரேஷன் முடிந்த மூன்றாவது வாரம் கம்பெனியில் ஆட்களை நிறுத்தினார்கள். என்னை நிறுத்தவில்லை. என்னோடு ரப்பர் சோதிக்கும் தாடிக்காரருக்குத்தான் வேலை போனது. அவர் சர்க்கரை வியாதிக்காரர். கேட்டருகே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது நேரத்துல வீட்டம்மாவுக்கு வைத்தியத்த முடிச்சுட்டே. கெட்டிக்காரன்யா நீ" என்றார். அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வேலை தப்பியதை வீட்டில் வந்து சொன்னேன். படுத்திருந்தவள் என் தலையைத் தடவி, "நீங்க பட்ட கவலைக்கு இதாவது நல்லபடியா முடிஞ்சுதே" என்றாள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் நான் ஓடி ஓடிக் கவனித்ததைப் பெருமையாகச் சொல்கிறாள். நீங்களும் போனில் தங்கமான மாப்பிள்ளை என்றீர்கள். கேட்கக் கேட்க உடம்பு கூசுகிறது.

பகலில் காரணமில்லாமல் அழுகிறாள். "வேற வழி இல்லன்னு தெரியும். இருந்தாலும் என்னமோ பறிபோன மாதிரி இருக்குங்க" என்று போன வாரம் என்னிடமே சொன்னாள். நான் தலையாட்டினேன்.

மாத்திரை கேட்டிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. என் பயத்தை மறைக்காமல் சொல்லியிருந்தால் ஆபரேஷனுக்கு அவளே சரி என்றிருப்பாளோ என்னவோ. ஆனால் அது அவள் உடம்பு. நான் அவளைக் கேட்கவே இல்லையே.

இதை அவளிடம் சொல்லத்தான் போகிறேன். சொன்ன பிறகு அவளுக்கு அழுவதற்கு ஒரு மடி வேண்டும். அது என் மடியாக இருக்க முடியாது. அதனால் லீவு போட்டுவிட்டு எப்படியாவது வாருங்கள், அக்கா. எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். திட்டுவதையெல்லாம் இங்கே வந்து நேரில் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

வரும் தேதியை மட்டும் அவளுக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள். அக்கா வருகிறாள் என்று துள்ளுவாள். அந்தச் சந்தோஷமாவது நீங்கள் வந்து சேரும் வரை அவளுக்கு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்